பெயிலானவர்கள் கம்பியூட்டர் வேலைக்குப் போவது எப்படி? மலையகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

உயர்தரத்தில் இரண்டு தடவை பெயில். காசு கட்டிப் படித்த ஒரு டிப்ளோமா எங்கேயும் செல்லுபடியாகவில்லை. வெளிவாரிப் பட்டப்படிப்பில் நான்கு பாடங்கள் போயின. பதினொரு கம்பனிகள் “அறிவிக்கிறோம்” என்று அனுப்பிவிட்டு அறிவிக்கவே இல்லை. இவ்வளவுக்கும் பிறகு இப்போது கொழும்பில் மென்பொருள் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போனால் லயத்து வாசலில் நாலைந்து பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். “அண்ணே, எங்கேயிருந்து தொடங்குறது?” ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனதால் எழுதிவிடுகிறேன்.

கீழே வரும் செலவுக் கணக்கெல்லாம் நான் கொடுத்த காசு. நீங்கள் போகும்போது கூடியிருக்கும்.

1. எந்த வகைப் பெயில் என்று பிரித்துப் பாருங்கள்

வீட்டில் எல்லாம் ஒரே பெயில்தான். ஆனால் மூன்று பாடமும் சித்தியடைந்து, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகத் தேவையான இசட் வெட்டுப்புள்ளி எட்டாமல் போவது வேறு, மூன்றில் ஒன்றை விடுவது வேறு. காமன் ஜெனரல் டெஸ்ட் என்று ஒரு தாள் இருக்கிறதே, அதில் 30 புள்ளி வராமல் போவது இன்னொன்று. அதை ஒருவரும் படிப்பதில்லை. மற்றப் பாடங்களில் நல்ல பெறுபேறு எடுத்தும் இந்த ஒரு தாளால் பல்கலைக்கழக வாய்ப்பை இழந்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் கணக்கில் எடுப்பார்கள். நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் மாவட்ட ஒதுக்கீட்டோடு அதற்கான 5 வீதத்திலும் இடம் உண்டு. வெட்டுப்புள்ளிக்குப் பக்கத்தில் வந்திருந்தால் இன்னொரு தடவை எழுதுங்கள். தூரத்தில் நின்றால், என் அபிப்பிராயம், இன்னொரு வருடத்தை டியூஷன் வகுப்புக்குக் கொடுக்காதீர்கள். வேறு வாசல்கள் இருக்கின்றன.

கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பி.ஐ.ரி. (தகவல் தொழில்நுட்ப) வெளிவாரிப் பட்டம் ஒன்று. வகுப்புக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படிக்கலாம், பரீட்சை ஆங்கிலத்தில். முதல் வருடத்தை முடித்தால் டிப்ளோமா, இரண்டாம் வருடத்தில் உயர் டிப்ளோமா, மூன்றாம் வருடத்தில் பட்டம். நடுவில் நின்றுபோனாலும் கையில் ஒரு கடதாசி இருக்கும். உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்களின் எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) இன்னொன்று. கண்டியிலும் பதுளையிலும் நிறுவனங்கள் உண்டு, முழுநேரப் படிப்புக்குப் பாடக் கட்டணம் இல்லை. திறந்த பல்கலைக்கழகத்துக்குக் கண்டி, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் நிலையங்கள் இருக்கின்றன. உயர்தரமே கைவிட்டவர்களுக்கு என்.வி.க்யூ. (தேசிய தொழில் தகைமை) 4ஆம் மட்டத்தில் தொடங்கி 5, 6 என்று ஏறி 7ஆம் மட்டத்தில் பட்டம் வரை போகும் படிக்கட்டு இருக்கிறது. நேரம் எடுக்கும், ஆனால் படிக்கட்டு நேரானது.

பெரும்பாலும் விண்ணப்பம் வருடத்தில் ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள். பெறுபேறு வந்த அன்றிலிருந்தே அந்தந்த நிறுவனத்தின் இணையத்தளத்தைக் கிழமைக்கு ஒரு முறை பாருங்கள். நான் ஒரு தடவை முடிவு திகதிக்கு நாலு நாள் பிந்திப் பார்த்தேன். அதற்குக் கொடுத்த விலை ஒரு வருடம்.

2. பெயரைச் சரி பண்ணுங்கள்

கம்பியூட்டர் படிக்க வந்தவனுக்குப் பெயரைப் பற்றி என்ன பாடம் என்று நினைக்காதீர்கள். நான் இழந்த நேரத்தில் பாதி இதில்தான் போனது.

நம்மில் நிறையப் பேருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒன்று, உயர்தரச் சான்றிதழில் இன்னொன்று. அப்பா பெயர் ஓரிடத்தில் செல்வராஜ், ஓரிடத்தில் செல்வராஜா. பதிவாளர் காதில் விழுந்ததைச் சிங்களத்தில் எழுதியிருப்பார். பிறகு அதைப் பார்த்து ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தலைமை ஆசிரியர் தன் பங்குக்கு ஓர் எழுத்தைக் கூட்டியிருப்பார். பதிவு செய்யப் போகும் அன்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மூன்று கடதாசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “இது மூணு பேரா?” என்று கேட்பார். என்னிடம் கேட்டார்.

இதற்கு இரண்டு வழி. அவசரத்துக்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி. எனக்கு ஒரே நாளில் முடிந்தது. நிரந்தரமாக, பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிறப்புப் பதிவைத் திருத்த விண்ணப்பிப்பது. எனக்கு ஏழு மாதம். இரண்டையும் ஒரே கிழமையில் தொடங்குங்கள். சத்தியக் கடதாசியை எல்லா இடத்திலும் ஏற்க மாட்டார்கள்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழின் இரண்டு பிரதிகள், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு (சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்தது, கடைக்காரத் தம்பி செய்தது அல்ல), அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ். உறுதிப்படுத்தப்பட்ட பெறுபேற்றுக்குப் பத்தரமுல்லைக்கு பஸ் ஏற வேண்டாம், பரீட்சைத் திணைக்களத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பரீட்சை எழுதிய வருடமும் சுட்டெண்ணும் தெரிந்திருக்க வேண்டும்.

வதிவிடச் சான்றிதழில் ஒரு பொறி இருக்கிறது. கிராம உத்தியோகத்தர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது என்று நினைத்து வந்துவிடுவோம். சில இடங்களில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் கேட்பார்கள். அது இல்லாமல் கண்டிக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறேன்.

3. கடிதம் வந்து சேர ஒரு முகவரி

லயத்து வீட்டுக்கு இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், ஊர், அவ்வளவுதான் முகவரி. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கே இரண்டு நாள் கிடந்து, யாரோ கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கொடுத்து, அம்மா சேலை முந்தானையில் முடிந்து கொண்டுவருவார். எனக்கு வந்த முதல் நேர்முகப் பரீட்சைக் கடிதம் அந்த நாள் முடிந்து மூன்றாம் நாள் கிடைத்தது.

டவுனில் தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் கேட்டு அவர் முகவரியைக் கொடுங்கள். மின்னஞ்சல் முகவரியையும் பெயரோடு ஒழுங்காக வையுங்கள். “கிங்”, “தல” என்று வைத்திருப்பதை நண்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

4. காசு கட்டுமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த 90,000 ரூபாயை டவுனில் ஒரு நிறுவனத்தில் கட்டினேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் லண்டன் படம். பத்து மாதம் படித்தேன். பெயர் வேண்டாம், இப்போது அந்தப் பலகையும் இல்லை. நான் செய்த பிழை என்ன என்பதுதான் முக்கியம்: “பதிவு செய்யப்பட்டது” என்று சுவரில் தொங்கியதைப் பார்த்துத் திருப்திப்பட்டேன். அது வெறும் வியாபாரப் பதிவு. பலசரக்குக் கடைக்கும் அது இருக்கும்.

முதல் கேள்வி: நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா? இரண்டாவது: நான் படிக்கப் போகும் பாடநெறி தரச்சான்று பெற்றிருக்கிறதா? நிறுவனம் பதிவாகியிருந்தும் பாடநெறி தரச்சான்று பெறாமல் இருக்கலாம். இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மூன்றாவது: நடுவில் விட்டால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள், அதை எழுத்தில் தருவீர்களா? இந்த மூன்றாம் கேள்விக்கு முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தை அங்கீகரிக்கிறார்களா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நீங்களே கேளுங்கள். தரகர் காட்டும் கடிதத்தை நம்ப வேண்டாம்.

ஒரு சதமும் கட்டாமல் முதல் மூன்று மாதம் படித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நடத்தும் பைத்தன் (ஒரு நிரல் மொழி), இணைய வடிவமைப்புப் பாடங்கள் இருக்கின்றன. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சி.எஸ். 50 என்ற கணினி அறிமுகப் பாடமும் இலவசம். இதில் மூன்றாம் கிழமையைத் தாண்டாதவர் 90,000 கட்டினாலும் தாண்ட மாட்டார். எனக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

5. லெப்டொப்பும் சிக்னலும்

பழையது போதும். 8 ஜி.பி. ரெம் (நினைவகம்), எஸ்.எஸ்.டி. (வேகமான சேமிப்பகம்) இந்த இரண்டும் இருக்கட்டும். நான் 68,000 கொடுத்தேன். பெட்டரி ஒரு மணித்தியாலமாவது நிற்கிறதா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள், ஏனென்றால் நமக்குப் பின்னேரத்தில் இடி இடித்தால் கரண்ட் போகும். இடிக்கும்போது பிளக்கைக் கழற்றி வைக்காமல் நான் ஓர் அடெப்டரை எரித்தேன், 4,500 ரூபாய்.

எங்கள் லயத்தில் சிக்னல் இல்லை. ஏழாம் நம்பர் மலையில் மாரியம்மன் கோயிலுக்கு மேலே ஒரு கல் இருக்கிறது, அங்கே மூன்று கோடு காட்டும். மழைக் காலத்தில் அட்டைக்கடி இலவசம். அங்கே உட்கார்ந்து படிக்க முடியாது. போய் இறக்கிக்கொண்டு வந்து, வீட்டில் இணையம் இல்லாமல் படியுங்கள். இரவு டேட்டா பொதி மலிவு என்றால் அலாரம் வைத்து எழும்புங்கள்.

6. பிழைக் கொப்பி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

அம்மாவிடம் ஒரு சின்னக் கொப்பி இருந்தது. மடுவத்தில் கொழுந்தைத் தராசில் நிறுத்தவுடன் அன்றைய கிலோவை அதில் எழுதிவிடுவார். மாதக் கடைசியில் செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவில்) குறைத்துப் போட்டிருந்தால் கொப்பியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போவார். “ஞாபகத்த வச்சு சண்ட புடிக்க முடியாதுடா” என்பார். பிழை விட்டபோது நானும் அதைத்தான் செய்தேன், பிந்தித்தான் என்றாலும்.

டவுனில் ஒரு இரும்புக் கடைக்குக் கடன் கணக்குப் பார்க்க ஒரு சின்ன மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். 15,000 ரூபாய், என் முதல் சம்பாத்தியம். ஒரு நாள் காசு கட்டி முடித்த ஒரு வாடிக்கையாளரை நீக்கச் சொன்னார் முதலாளி. தரவுத்தளத்தைத் திறந்து டெலீட் கட்டளையை அடித்தேன். யாரை நீக்குவது என்று சொல்லும் ‘வேர்’ பகுதி அடுத்த வரியில் இருந்தது. முதல் வரியை மட்டும் தெரிவு செய்து ஓட்டிவிட்டேன். 1,412 வரிகள் நீக்கப்பட்டன என்று திரை சொன்னது. வியர்த்துவிட்டது, ஹட்டன் குளிரில். பிரதி எடுத்து வைத்த பென்டிரைவைச் செருகினேன். அதில் ஐந்து மாதத்துக்கு முந்தைய கோப்பு, அதுவும் திறக்கவில்லை. நல்ல வேளையாக முதலாளி என்னை நம்பாமல் கையாலும் எழுதி வைத்திருந்தார். நான்கு இரவு கடையில் தங்கி எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். அவர் ஏசவில்லை, தேத்தண்ணீர்தான் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் கொப்பி வாங்கினேன். ஒவ்வொரு பிழைக்கும் ஐந்து வரி:

என்ன செய்யப் போனேன்.
உண்மையில் என்ன நடந்தது (திரையில் வந்த செய்தி எழுத்துக்கு எழுத்து).
என்ன நடக்கும் என்று நினைத்தேன்.
ஏன் வித்தியாசம்.
இனி கையை எப்படி வைப்பேன்.

கடைசி வரியில் “கவனமாக இருப்பேன்” என்று எழுதக் கூடாது. அது ஒன்றுமே இல்லை. இரும்புக் கடைப் பிழைக்கு நான் எழுதியது: நீக்குமுன் அதே நிபந்தனையோடு செலக்ட் (வரிகளைக் காட்ட மட்டும் செய்யும் கட்டளை) ஓட்டி எத்தனை வரி வருகிறது என்று எண்ணுவேன். மாற்றம் உடனே நிலைத்துவிடாமல் இருக்க பிகின் போட்டுத் தொடங்குவேன், எண்ணிக்கை பிழைத்தால் ரோல்பேக் அடித்துப் பழையபடி ஆக்குவேன். மாதத்துக்கு ஒரு நாள் பிரதியை வேறு கணினியில் திறந்து பார்ப்பேன். திறந்து பார்க்காத பிரதி, பிரதி அல்ல.

இது நம்மைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் நடப்பதல்ல. 2017 ஜனவரி 31இல், மற்றவர்களின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் இரண்டாம் சேவையகம் என்று நினைத்துப் பிரதான சேவையகத்தின் தரவுகளை அழித்துவிட்டார். பிரதி எடுக்கும் வழிகள் பல வைத்திருந்தும் தேவைப்பட்ட நேரத்தில் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. பிரதி எடுப்பது தோற்றுக்கொண்டே இருந்ததை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. யாரோ தற்செயலாக ஆறு மணித்தியாலத்துக்கு முன் கையால் எடுத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. மீட்பு வேலையை யூடியூபில் நேரடியாகக் காட்டினார்கள், பிறகு என்ன பிழை, ஏன் என்று முழுவதையும் எழுதி வெளியிட்டார்கள். தேடிப் படியுங்கள். என் கொப்பியின் ஐந்து வரிகள் அதில் பெரிதாக இருக்கும்.

7. விட்ட பாடத்தைத் திரும்ப எழுதுவது

தோட்டத்தில் கிலோ குறைந்தால் அரைப் பேர் (பாதி நாள் சம்பளம்) போடுவார்கள். முழுச் சம்பளம் இல்லை, ஆனால் அந்த நாள் அடியோடு போவதுமில்லை. வெளிவாரிப் பட்டமும் அப்படித்தான். சித்தியடைந்த பாடம் உங்களிடம் இருக்கும், விட்டதை மட்டும் அடுத்த தடவை எழுதலாம். ஆனால் திரும்ப எழுதுவதற்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டணமும் கட்ட வேண்டும். தானாகப் பெயர் வரும் என்று காத்திருந்து ஒரு பருவத்தை விட்டேன்.

நான்கில் மூன்று பாடம் எனக்குப் போனது விஷயம் தெரியாமல் அல்ல, கேள்வியின் ஆங்கிலம் விளங்காமல். பழைய வினாத்தாள்களின் கேள்விகளை மட்டும், விடையை விட்டுவிட்டு, இரண்டு மாதம் தமிழில் எழுதிப் பார்த்தேன். அப்புறம் பிரச்சினை இருக்கவில்லை.

8. நேர்முகப் பரீட்சை

ஹட்டனிலிருந்து காலை ஒன்பது மணிக்குக் கொழும்பில் நிற்க வேண்டுமென்றால் இரவு இரண்டு மணிக்கே எழும்ப வேண்டும். வாந்தி எடுக்கும் ஆளென்றால் முதல் நாளே போய்விடுங்கள். பஸ், சாப்பாடு, ஆட்டோ என்று எனக்கு ஒரு தடவைக்கு 3,000 போனது. அதனால் முதல் சுற்றை இணையத்தில் வைக்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். பதினொன்றில் நான்கு கம்பனிகள் ஓம் என்றன. வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்ட காசு எனக்குத்தான் நட்டம்.

வெளியே வந்தவுடன், பஸ் ஏறுமுன், கேட்ட கேள்விகளைக் கொப்பியில் எழுதுங்கள். ஐந்தாவது கம்பனியில் எனக்கு ஒன்று பிடிபட்டது: பாதிக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. உலாவியில் முகவரி அடித்தால் என்ன நடக்கிறது, இரண்டு அட்டவணைகளை எப்படி இணைப்பது, ஒரு சொல்லைத் திருப்பிப் போடுவது எப்படி. “தெரியாது” என்று சொல்லலாம். தெரியாது என்று சொல்லிவிட்டு, இப்படித் தேடிப் பார்ப்பேன் என்று சேர்த்துச் சொல்லத்தான் பழக வேண்டும்.

சுயவிபரக்கோவை ஒரு பக்கம் போதும். சமயம், பெற்றோர் பெயர், உயரம் எல்லாம் வேண்டாம். நிரல்களை மற்றவர் பார்க்க வைக்கும் கிட்ஹப் தளத்தில் உங்கள் நிரல்களைப் போடும்போது கடவுச்சொல் உள்ள கோப்பு சேர்ந்து போகிறதா என்று பாருங்கள். போய்விட்டால் கோப்பை அழித்துப் பயனில்லை, பழைய மாற்றங்களின் வரலாற்றில் இருக்கும். கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும்.

பன்னிரண்டாவது கம்பனி எனக்கு மென்பொருள் எழுதும் வேலை தரவில்லை. கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சோதனைப் பிரிவுக்கு வாரீங்களா?” என்று கேட்டார் நேர்முகம் நடத்திய அக்கா. பிழையை இப்படி வரிசையாக எழுதுவதுதான் அங்கே வேலையே. பயிலுனராகச் சேர்ந்தேன். ஒன்றரை வருடத்தில் எழுதும் பக்கத்துக்கு மாறினேன். ஆகவே க்யூ.ஏ. (சோதனைப் பிரிவு) வேலை வந்தால் மூக்கைச் சுளிக்காதீர்கள்.

9. கடிதம் கைக்கு வந்த பிறகு

நியமனக் கடிதத்தில் மூன்று இடங்களைத் தேடுங்கள். பயிலுனர் காலம் எத்தனை மாதம், கொடுப்பனவு எவ்வளவு. நடுவில் போனால் காசு கட்டச் சொல்லும் பொண்ட் இருக்கிறதா, எவ்வளவு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) உங்கள் பங்கு 8 வீதம், கம்பனி பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் (ஈ.டி.எப்.) கம்பனி தனியாக 3 வீதம் கட்ட வேண்டும். “எல்லாம் உட்பட” என்று ஒரு தொகையை மட்டும் எழுதியிருந்தால் அந்த 12ம் 3ம் உங்கள் சம்பளத்திலிருந்து போகிறதா என்று கேளுங்கள்.

முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான். போர்டிங்குக்கு முற்பணம், சாப்பாடு, பஸ் என்று இரண்டு மாதச் செலவு கையில் இல்லாமல் இறங்காதீர்கள். நான் ஒரு மாதக் கணக்கோடு போய், கடைசிக் கிழமை முழுக்க பாணும் சம்பலுமாக ஓட்டினேன். சம்பளத்துக்கு வங்கிக் கணக்குத் திறக்கச் சொல்வார்கள். அங்கே பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே, ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். என் முதல் சம்பளம் அந்த ஒரு எழுத்தால் ஒன்பது நாள் பிந்தியது.